ரேவதி சாகவில்லை, மதினி

அன்பு மதினிக்கு,

நம்ம படம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு எல்லோரும் போனோம், அண்ணன் உட்பட. நல்ல முகூர்த்த சமயம், கடையில் ஜாக்கெட் துணிக்குக் கூட்டம் நெரியும் நாள். அவர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எங்களுக்கு முன்னாலேயே திருவான்மியூர் தியேட்டர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து உங்களை ஒரு படத்துக்குக் கூட்டிப்போகாத மனுஷன். "லேய், இன்னும் உள்ள விடமாட்டேங்கான்? முதல்லயே போயி உக்காந்துருவோம்ல" என்று என்னை அவசரப்படுத்தினார். நீங்கள் பார்த்திருந்தால் நம்பியிருப்பீர்களா?

திரையில் முதலில் உங்கள் பெயர்தான் வந்தது. கதை: செண்பகவல்லி. அதற்கு அப்புறம்தான் என் பெயர். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எழுத்துல பிழை ஒண்ணும் இல்ல" என்றாள், கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்ப்பவள் மாதிரி.

இந்தக் கடிதத்தை வேறு பலரும் படிக்கப் போகிறார்கள் மதினி. அவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு மதினி. திருநெல்வேலியிலிருந்து வந்து தி. நகரில் துணிக்கடை வைத்த குடும்பம் எங்களுடையது. வீடு மேற்கு மாம்பலத்தில். உங்களுக்குச் சிவகாசி. உங்கள் அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். அங்கே காமிக்ஸும் அச்சாகும். சரியாக விழாத தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். பக்கம் மாறிப்போன கதைகள். சிவப்பு மை ஒரு விரற்கடை தள்ளி விழுந்து, ஹீரோ ஓரிடத்திலும் அவன் அங்கி இன்னோரிடத்திலுமாக நிற்கும் கதைகள். பெரும்பாலும் கடைசிப் பக்கம் இருக்காது. "நானே முடிச்சுக்குவேன் தம்பி. என் முடிவுல எல்லாரும் நல்லபடியா வீடு வந்து சேந்துருவாங்க" என்று சொல்வீர்கள்.

கல்யாணமாகி வந்தபோது சீர்ச் சாமான்களோடு ஒரு தகரப் பெட்டி நிறையக் காமிக்ஸ் வந்து இறங்கியது. அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்னம்மா, சின்னப் புள்ளைக படிக்கிற பொம்மைப் புஸ்தகமால்ல இருக்கு?" என்றாள். "ஆமா அத்தை. நீங்களும் படிக்கலாம். எழுத்து பெருசா இருக்கும்" என்றீர்கள். அம்மா அன்று முழுக்க உங்களோடு பேசவில்லை. நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அப்போது நான் உதவி இயக்குநர். ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் வரும்வரை வீட்டில் கிடப்பேன். நீங்கள் காலையில் சமையலை முடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவதற்குள் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த நேரத்தில்தான் சாப்பாட்டு மேசையில் நம் படம் பிறந்தது.

ஒருநாள் செல்போனில் ஒரு சூப்பர் ஹீரோவின் படத்தைக் காட்டினேன். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தீர்கள்.

"தம்பி, இந்த உடுப்பை யாரு தச்சுக் குடுத்தா?"

"யார் தைச்சா என்ன மதினி?"

"என்னவா? ஜாக்கெட் கை கொஞ்சம் பிடிச்சாலே நம்ம கடைக்கு வர்றவங்க தையக்காரிகிட்ட சண்டைக்கு நிக்கிறாங்க. இவனுக்குத் தலையிலருந்து கால் வரைக்கும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அளவு எடுக்காம தைக்க முடியுமா? அளவு எடுத்தவளுக்கு இவன் யாருன்னு தெரியாதா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே, "வில்லன் புத்தியுள்ளவனா இருந்தா முதல்ல தையக்கடைக்குத்தான் போவான்" என்றீர்கள். என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வாக்கியத்துக்குள் ஒரு முழுத் திரில்லர் இருந்தது மதினி.

அதற்கு முந்திய தீபாவளிக்கு மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் உங்களுக்கு நடந்ததையும் அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னீர்கள். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. உங்கள் கால் படியைத் தவறவிட்டது. விழுந்திருந்தால் அத்தனை பேரும் மேலே ஏறிப் போயிருப்பார்கள். எங்கிருந்தோ ஒரு பெண்ணின் கை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. உங்கள் கண்ணாடி வளையல்கள் உடைந்தன. திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண்ணைக் கூட்டம் அடித்துக்கொண்டு போய்விட்டது. "முகத்தைக்கூடப் பாக்கல தம்பி. முகமூடி போட்டிருந்தா என்ன, போடாட்டி என்ன? எனக்கு அவதான் ஹீரோ."

அப்படி வந்தவள்தான் பவானி, நம் கதாநாயகி. தி. நகர் நகைக்கடையில் வேலை பார்க்கிற பெண். அவளுக்குப் பறக்கத் தெரியாது, சுவரில் ஏறத் தெரியாது. ஒன்றைப் பிடித்தால், தானாக விடுகிறவரைக்கும் அந்தப் பிடியை எந்தச் சக்தியாலும் பிரிக்க முடியாது. அவ்வளவுதான் அவள் வரம். அவளுக்கு முகமூடி தைத்துக் கொடுக்கிற சிநேகிதி ரேவதி, மாம்பலத்தில் தையல்கடை வைத்திருப்பவள். படத்துக்கு 'விடாத கை' என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான்.

எத்தனை சண்டை போட்டோம்! உங்களுக்குத் துரத்தல் காட்சி என்றாலே ஆகாது. "ஓடுறதைப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்று அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுவீர்கள். வில்லன் பல் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று எவ்வளவு பிடிவாதம் பிடித்தீர்கள்! அது உங்கள் கடைவாய்ப்பல் கோபம், கதைக்கு ஒட்டாது என்று நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரணமாக 'நீங்க' என்று பேசுகிற நீங்கள், கோபம் வந்தால் 'நீ'க்கு இறங்குவீர்கள். "உனக்குப் பல்வலி வந்ததில்ல, அதான்" என்று சொல்லிவிட்டு அன்று எனக்குக் காபி தரவில்லை.

வில்லனை நான் வேறு மாதிரி ஆக்கினேன். அடையாற்றில் தனியாக வசிக்கும் மனிதர். யார் வந்தாலும் தன் கையால் காபி போட்டுக் கொடுப்பார். வீடு நிறையக் காமிக்ஸ். பவானி யாரென்று முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அவளைக் கொல்ல வேண்டும் என்பது அவர் ஆசையல்ல, அவளை ஆராதிக்கிறார். ஆனால் அவள் இன்னும் முழு ஹீரோ ஆகவில்லை என்பது அவர் நம்பிக்கை. படித்த கதைகளில் எல்லாம், நெருங்கிய ஒருவர் செத்த பிறகுதானே ஹீரோ பிறக்கிறான்? ஆகவே பவானியின் நன்மைக்காக ரேவதி சாக வேண்டும் என்று முடிவு செய்கிறார்.

இதைச் சொல்லி முடித்ததும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தீர்கள். அப்புறம் பொரிந்து தள்ளினீர்கள்.

"அது என்ன தம்பி, எல்லா ஹீரோவுக்கும் ஒரு சாவு? அம்மா சாவுறா, அப்பா சாவுறாரு, காதலிச்ச புள்ள சாவுது. இவன் பெரிய ஆளாகணும்னே அவங்கல்லாம் பொறந்து வந்தாங்களா? அவங்களுக்குன்னு ஒரு கதை கிடையாதா? நம்ம ரேவதி சாகக் கூடாது. அந்தாளு நெனச்சது நடக்கவே கூடாது. அதுதான் நம்ம படம்."

அப்படித்தான் எழுதினோம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தயாரிப்பாளர் சேஷாத்ரி சாரிடம் கதை சொல்லப் போனபோது உங்களையும் கூட்டிப்போனேன். பாதிக் கதையை நீங்கள்தான் சொன்னீர்கள். தையல்கடைக்கு வில்லன் வருகிற கட்டத்தை, நீங்களே இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்ட மாதிரி நடித்துக் காட்டினீர்கள். அவர் அன்றைக்கே தயாரிக்கச் சம்மதித்தார். திரும்பி வரும்போது மாட வீதியில் நின்று பூ வாங்கினீர்கள். பூக்காரியிடம், "நான் சினிமாவுக்குக் கதை எழுதிருக்கேன்" என்றீர்கள். அந்தம்மா, "அப்டியா கண்ணு, ஹீரோ ஆரு?" என்று கேட்டாள். "ஒரு பொம்பளைதான்" என்றதும் ஒரு முழம் கூடப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த வருடமே உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை, உங்களுக்கும் பிடிக்காது. ஆஸ்பத்திரி நாற்காலிகளில் உட்கார்ந்தும் நாம் வேலை பார்த்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் ஊசி முடிந்து வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டே சொன்னீர்கள்: "என்னைய நெனச்சுக்கிட்டு ரேவதியைக் கொன்னுராத."

கோபமே இல்லாமல் நீங்கள் என்னை ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ தலையாட்டியிருப்பேன். கண்ணை மூடியிருந்த உங்களுக்கு அது தெரிந்ததா?

ஆடித் தள்ளுபடிக்கு ஊரெல்லாம் தி. நகரில் திரண்டிருந்த ஒரு நாளில் நீங்கள் போனீர்கள். சேஷாத்ரி சார் வந்தார். வெயிலில் செருப்பில்லாமல், எல்லாம் முடிகிறவரை நின்றார். நல்ல மனிதர்தான். இனிச் சொல்லப்போவதை வைத்து அவர்மீது கோபப்படாதீர்கள்.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். மெட்ரோவுக்காகத் தகரம் அடித்து மறைத்த தெருக்களைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இன்னொரு எழுத்தாளரை வைத்து இடைவேளைக் காட்சியை மாற்றி எழுதி வைத்திருந்தார். பாலத்திலிருந்து தொங்கும் ரேவதியைப் பவானி பிடித்திருக்கிறாள். ரேவதி, சிநேகிதியும் தன்னோடு விழுந்துவிடக் கூடாதே என்று, விடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். பவானி தானாக விடுகிறாள். ரேவதி சாகிறாள். சிநேகிதி தைத்து முடிக்காத முகமூடியைப் பவானி அப்படியே ஊசியும் நூலுமாக எடுத்து முகத்தில் கட்டிக்கொள்கிறாள்.

நன்றாக இருந்தது மதினி. பொய் சொல்ல மாட்டேன். படித்துக்கொண்டிருக்கும்போதே என் கண்ணீர் தாளில் விழுந்தது.

"எங்காத்துல மாமிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அழுதுட்டா" என்றார் சேஷாத்ரி சார். "தப்பா நினைச்சுக்காதே சிவா. உங்காத்துல ஒரு பெரிய இழப்பு நடந்திருக்கு. மன்னியை மனசுல வெச்சுண்டு இந்தக் காட்சியை எடு. உன் வலியெல்லாம் இதுல இறங்கட்டும். படம் எங்கேயோ போயிடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க எனக்கு என்ன இருந்தது? நான்தான் தலையாட்டியிருக்கிறேனே. ஆனால் அந்தக் காட்சி என்னை விடவில்லை. அப்படி எடுத்தால் ஊரே உங்களுக்காக அழும் என்று ஒரு நினைப்பு. அது உங்களுக்குச் செய்கிற மரியாதையாகக்கூட எனக்குப் பட்டது. கால்கள் நேராகக் கடைக்குத்தான் போயின.

அண்ணன் கல்லாவில் இருந்தார். தாள்களை நீட்டினேன். அவர் எதையும் படிக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அன்று வாடிக்கையாளர்களைப் பையன்களிடம் அனுப்பிவிட்டு, விரலை வரிமேல் வைத்து முழுவதும் படித்தார்.

"நல்லாத்தாம்லே இருக்கு" என்றார். பிறகு, "இந்தப் புள்ள செத்ததும் அவளுக்குப் பலம் வந்துருதோ?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. ஹீரோ கதையில அப்படித்தான் வரும்."

தாளை மடித்து வைத்தார். மேசையில் விரிந்து கிடந்த துணி ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"எனக்கு ஒண்ணும் வரலியே."

எனக்குப் புரியவில்லை.

"உங்க மதினி போயி நான் என்னத்தலே பெரிய ஆளாயிட்டேன்? மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. பச்சைக்கும் மயில்கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாம துணியைக் கிழிச்சுக் குடுக்கேன். புள்ளைக்குச் சடை பின்னத் தெரியல, கோணக்கமாணயா போவுது பள்ளிக்கூடத்துக்கு. பலமாம்லே, பலம்."

மடித்த துணியை மறுபடியும் உதறி, மறுபடியும் மடித்தார். எனக்கு முகத்தைக் காட்டவில்லை. நீங்கள் இறந்த அன்றும் வாய்விட்டு அழாத மனுஷன் மதினி. நான் கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். கடையை அடைக்கும்வரை அவரோடு சேர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மயிலாப்பூர் போய், அண்ணன் சொன்னதை அப்படியே சேஷாத்ரி சாரிடம் சொன்னேன். ரேவதி சாக மாட்டாள், அது இல்லாமல் படம் வேண்டாம் என்றால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் மாமி உள்ளேயிருந்து வந்தார்.

"அன்னிக்கு நான் அழுதேன், வாஸ்தவம்தான். ஆனா அதுக்கப்புறம் நீங்க வாசிச்சது ஒண்ணும் என் காதுல விழலை. அந்தத் தையக்காரப் பொண்ணோட அம்மாவை இனிமே யார் பார்த்துப்பான்னே யோசிச்சுண்டு இருந்தேன். அதை உங்க கதையில யாருமே கேக்கலை."

சேஷாத்ரி சார் மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காபியைக் குடித்து முடித்தார். "சரி. உன் இஷ்டப்படியே எடு. ஆனா சின்னப் படமாத்தான் எடுக்க முடியும். கிராஃபிக்ஸ், அது இதுன்னு கேக்கப்படாது" என்றார். நான் அவர் காலில் விழப்போனேன். "அந்தப் பக்கம் போய் மாமி கால்ல விழு" என்று நகர்ந்துகொண்டார்.

சின்னப் படம் என்றாலும் கடைசிக் காட்சிக்குக் கூட்டம் வேண்டுமே? பெருங்குடியில் காலியாகக் கிடந்த ஓர் ஆபீஸ் வளாகத்தில் ரயில்வே நடைபாலம் போலப் படிக்கட்டும் கைப்பிடியும் போட்டிருந்தோம். துணை நடிகர்கள் போதவில்லை. அண்ணனிடம் புலம்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் ஒரு வேன் வந்து நிற்கிறது, பின்னால் இன்னொன்று. கடைப் பையன்கள், பக்கத்துக் கடை அக்காமார்கள், பாத்திரக்கடை முதலாளி, நம்ம கடையில் துணி எடுத்துப் போகிற தையல்காரர்கள் எல்லோரும் தீபாவளிக் கூட்டம் மாதிரி கையில் பையோடு இறங்கினார்கள். கடைசியாக அண்ணன். "எங்க நிக்கணும்?" என்றார். கூட்டத்தின் பின்வரிசையில் நிறுத்தினேன்.

நீங்கள் எழுதிய காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரேவதி கைப்பிடிக்கு வெளியே தொங்குகிறாள். பவானியின் பிடி விடாது; ஆனால் அவளே இழுபட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். காமிக்ஸ் ஹீரோ யாரும் இந்த இடத்தில் வாய் திறக்க மாட்டான், பல்லைக் கடித்துத் தனியாகத் தூக்குவான் என்று சொன்னீர்கள். நம் பவானி முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கத்துகிறாள்: "யாராவது வாங்களேன்! என்னால தனியா முடியல!"

முதலில் ஓடிவந்து பிடிக்க ஒரு துணை நடிகரை ஏற்பாடு செய்திருந்தோம். கேமரா ஓடியது. பவானியாக நடித்த பெண் உண்மையாகவே கத்தினாள். அந்த நடிகர் நகர்வதற்குள் பின்வரிசையிலிருந்து எல்லோரையும் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் கையை முழங்கைக்கு மேல் சேர்த்துப் பிடித்தார். "விட்டுராதம்மா, நான் பிடிச்சிருக்கேன். விட்டுராத" என்றார். நாம் எழுதாத வசனம். அவரைத் தொடர்ந்து அத்தனை பேரும் வந்து பிடித்தார்கள். ரேவதி மேலே வந்தாள்.

நான் கட் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் விடவில்லை. அந்தப் பெண் கையை உதறாமல் அப்படியே நின்றாள். கொஞ்சம் பொறுத்து, "சார், முடிஞ்சிருச்சு சார். ரேவதி வந்துட்டா" என்று மெதுவாகச் சொன்னாள். "ஆங், சரிம்மா" என்று விட்டார். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். அந்த டேக்கைத்தான் படத்தில் வைத்திருக்கிறேன். இரண்டாவது டேக் எடுக்கவே இல்லை.

இன்னொரு சேதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் இப்போது காமிக்ஸ் படிக்கிறார். எந்தப் படக்கட்டத்தை முதலில் படிப்பது, எந்தக் கட்டம் அடுத்தது என்று தெரியாமல், பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்விக்கு வருவார். "இவன் ஏம்லே சம்பந்தமில்லாமப் பேசுதான்?" என்பார். நான் விரல் வைத்துக் காட்டுவேன். போன வாரம் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டைத் தொட்டு, "இந்தப் படத்துல கதவுகிட்ட நிக்கான். அடுத்த படத்துல தெருவுல கெடக்கான். நடுவுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

"அதைக் காட்ட மாட்டாங்கண்ணே. நாமதான் நினைச்சுக்கணும்."

"உங்க மதினி என்ன நினைச்சிருப்பா?"

எனக்கு என்ன தெரியும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். பெரிய ஓட்டம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாரம் தாண்டினால் அதிர்ஷ்டம். விமர்சகர் ஒருவர், நாயகிக்கு அழுத்தமான இழப்பு எதுவும் இல்லை என்று குறை எழுதியிருக்கிறார். படித்துவிட்டு உங்களைப் போலவே ஒருமையில் திட்டினேன். ஆனால் இடைவேளையில் எனக்கு முன்னால் பாப்கார்ன் வாங்க நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டதை நீங்கள் கேட்க வேண்டும்.

"மச்சி, இன்டர்வெல்லுல அந்த டெய்லர் அக்கா காலின்னு நெனச்சேன்டா."

"இன்னும் செகண்ட் ஆஃப் கீதுல்ல? வெய்ட் பண்ணு. கண்டிப்பா போட்டுருவானுங்க."

படம் முடிந்து வெளியே வரும்போது அவர்கள் பின்னாலேயே போனேன். "இன்னாடா, போடவே இல்ல?" என்றான் ஒருவன். மற்றவன், "சாவல. ஆனா லாஸ்ட்டு வரிக்கும் பயந்துகினே இருந்தேன்டா. வுட்ருவாளோ வுட்ருவாளோன்னு" என்றான். ரேவதியைச் சாகடிக்காமலே பயம் காட்ட முடியும் என்று நீங்கள் சொன்னீர்கள். நான்தான் நம்பவில்லை. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் மதினி.

படம் முடிந்ததும் வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு திருவான்மியூர் கடற்கரைக்குப் போனோம். அண்ணன் முன்னால் நடந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் மெதுவாக வந்தாள். யாழினி எனக்கு இன்னொரு பக்கம் நடந்தாள். உங்கள் மகள் இப்போது என் தோள் உயரம் வந்துவிட்டாள். சடையும் தானாகவே பின்னிக்கொள்கிறாள். திடீரென்று கேட்டாள்:

"ஏன் சித்தப்பா, அம்மா எழுதின கதையில யாரும் சாகல. அப்புறம் நிஜத்துல மட்டும் ஏன் அப்படி?"

எல்லாம் காரணத்தோடுதான் நடக்கிறது, அம்மாவால் நீ பலசாலி ஆவாய் என்றெல்லாம் சொல்லலாம். அதைச் சொன்னால் நானும் நம் படத்து அடையாற்று மனிதராகிவிடுவேன். "எனக்குத் தெரியல கண்ணு" என்றேன். அவள் தலையாட்டினாள். பொய் சொல்லாததற்கு நன்றி சொல்வது மாதிரி இருந்தது.

கொஞ்ச தூரம் போனபின், "நானும் ஒரு ஹீரோ கதை எழுதுறேன்" என்றாள்.

"அப்படியா? என்ன சக்தி உன் ஹீரோவுக்கு?"

"அதை இன்னும் யோசிக்கல. முதல்ல அவளோட அம்மாவை எழுதிட்டேன்."

"அம்மாவா?"

"ஆமா. எல்லா ஹீரோவுக்கும் அம்மா செத்துப் போயிருப்பாங்கல்ல? இவளுக்கு இருப்பாங்க. வீட்டுலயே இருப்பாங்க. இவ ஊரைக் காப்பாத்தக் கிளம்புறப்ப வாசல் வரைக்கும் வந்து திட்டுவாங்க."

"என்னன்னு திட்டுவாங்க?"

யாழினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, உரக்கச் சொன்னாள்: "ஏட்டி, வெறும் வயித்தோட எங்க பறக்குற? ஊரு எங்கேயும் ஓடிறாது. ரெண்டு இட்லியைப் பிச்சு வாயில போட்டுட்டுப் போ!"

அது உங்கள் குரல். உங்கள் இழுப்பு, உங்கள் கடைசிச் சொல்லின் அதட்டல், அப்படியே. முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணன் நின்று சட்டென்று திரும்பினார். அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. அண்ணன் திரும்பி எங்களிடம் வந்து, "இன்னொரு தடவை சொல்லு தாயி" என்றார். அவள் சொன்னாள். இன்னொரு திட்டும் சேர்த்துச் சொன்னாள். அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மதினி, உங்களிடம் ஒரு வாக்குத் தருகிறேன். இந்த முறை தலையாட்டலாக இல்லாமல் எழுத்தில். அந்தக் கதையை அவள் எழுதி முடித்து, என்றைக்காவது என்னிடம் கொண்டுவந்தால், நான் எடுப்பேன். எந்தத் தயாரிப்பாளர் கேட்டாலும், எந்த இடைவேளைக்காகவும், அந்த அம்மாவைச் சாக விடமாட்டேன். கடைசிக் காட்சி வரை வாசலில் நின்று திட்டிக்கொண்டே இருக்கட்டும்.

என்றும் உங்களிடம் திட்டு வாங்க ஆசைப்படும்
உங்கள் கொழுந்தன்,
சிவா
மேற்கு மாம்பலம்